காற்றைத் தணிக்கும் மரங்கள்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

பயிர்த்தொழிலுக்கு நிலம், நீர், எரு, வித்து, உழைப்பு ஆகிய ஐந்தும் இன்றியமையாதவை என்பது யாவரும் அறிந்ததே. இவற்றிற்கு ஆகும் செலவைக் குடியானவர்கள் காசு பிசகாமல் கணக்கிட்டு வைக்கிறார்கள். ஆனால் ஆண்டுதோறும் ஆனி முதல் ஆவணி வரையில் மேற்கிலிருந்து வீசும் காற்றினால் தமக்கு நேரும் நஷ்டத்தை எவரும் கணக்கில் ஏற்றுவதில்லை. ஒடிந்த வாழையைக் கண்டு ஒரு நாள் வருந்துவதோடு அது மறக்கப்படுகிறது. நிலத்தின் ஈரமும் மேல்மண்ணும் கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் போய்க்கொண்டிருப்பது அதனினும் பெரிய நஷ்டம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இந்நஷ்டத்தைப் பெரிதும் குறைக்கக்கூடிய சாதனம் ஒன்று நம் முன்னோர் கையில் இருந்தது. இன்றும் பல ஊர்களில் மீந்திருக்கிறது. அது வயலின் ஓரத்தில் நிற்கும் மரவரிசையும் உயிர்வேலியுமேயாகும். ஆயினும், மரம் நிழல் கட்டும், வேர் எருவை உண்ணும் என்று சொல்லி, அவற்றை வேரோடு பெயர்த்துவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுவது இப்போது பெருகி வருகிறது. மரத்தினால் போவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்குப் பார்த்த பிறகே வெட்டுவதா வளர்ப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். அக்கணக்கைப் பார்க்கும் முறையையும், வளர்ப்பதாயின் வளர்க்கும் முறையையும் இங்கு விவரிப்போம்.

கோயம்புத்தூர், திருப்பூர் ஜில்லாக்களின் நிலைமையை உத்தேசித்தே பெரும்பாலும் எழுதப்படுகிறது. எனினும், கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டைக் கணவாயை அடுத்த தென்காசிப் பகுதி, ஆரல்வாய்மொழிக் கணவாயின் முகப்பு ஆகிய காற்று மிகுந்த இடங்களுக்கும் இது பொருந்தும்.

காற்று வரும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலை நம் நாட்டுக்கு மேற்கே ஒரு மதிலைப்போல் நிற்கிறது. அம்மதிலில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வாயில் இருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். இருபுறமும் மலைச் சிகரங்கள் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க, கணவாயின் தரையோ சில நூறு மீட்டருக்கும் உட்பட்ட உயரமே உடையது. ஆகவே தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி ஏற வழியின்றி இந்த இடுக்கில் நெருங்கிப் புகுந்து, வேகம் மிகுந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் வழியாகக் கிழக்கே செல்கிறது. மலைக்கு மேற்கே பெரும்பகுதி மழையை இறக்கிவிட்டு வருவதால், நம்மிடம் வரும்போது அதில் மழை குறைவு, வேகம் அதிகம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி நம் பகுதியில் மிகையன்று. இதே காற்றை நம்பித்தான் உடுமலைப்பேட்டை, பல்லடம் சுற்றுப்புறங்களில் மின்சாரக் காற்றாலைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. காற்றாலைக்காரர்களுக்கு லாபம் தரும் அதே விசை, திறந்த வயலில் வேறு விதமாக வேலை செய்கிறது.

காற்றினால் விளையும் கேடுகள்

முதலாவது, முறிவு. குலை தள்ளிய வாழை தலைப்பாரத்தால் ஒடிகிறது. சோளமும் மக்காச்சோளமும் சாய்ந்து தரையில் படுகின்றன. இது யாவருக்கும் தெரிந்த கேடு.

இரண்டாவது, உலர்வு. பயிர் தன் இலைகளின் நுண்துளைகள் வழியாக ஓயாமல் நீரை ஆவியாக வெளிவிடுகிறது. காற்று அடங்கிய இடத்தில் அந்த ஈர ஆவி பயிரின்மேல் ஒரு போர்வைபோலத் தங்கி, மேலும் ஆவி போவதைத் தாமதப்படுத்தும். பலத்த காற்றோ அப்போர்வையைக் கணந்தோறும் வாரிச் செல்கிறது. வேர் ஏற்றும் நீர் போதாமற் போகும்போது இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடியதும் இலை உணவு சமைப்பதும் நின்றுபோகிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே நண்பகலில் பயிர் சோர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூவும் பிஞ்சும் உதிர்வதும் மகரந்தம் உலர்ந்து மணி பிடிக்காமற் போவதும் இதனைத் தொடர்ந்து வருவன. தெளிப்பு நீர்ப்பாசனம் வைத்திருப்போர், தண்ணீர் வயலில் விழாமல் காற்றோடு பக்கத்து நிலத்துக்குப் போவதை நேரில் கண்டிருப்பார்கள். ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடியிலிருந்து மின்சாரச் செலவில் ஏற்றிய நீரை இவ்விதம் இழப்பது எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, மண் இழப்பு. கோடை உழவு செய்து பொடியாக்கி வைத்த நிலத்தின்மேல் காற்று வீசும்போது முதலில் பறப்பது மிக நுண்ணிய மண்ணும் மக்கிய எருவுமே. பருமணலும் சரளையும் நிலத்தில் தங்கிவிடுகின்றன. எனவே நாம் போட்ட எருவின் ஒரு பகுதி நம் பயிருக்கு எட்டாமலே ஊர் கடந்து போகிறது.

நான்காவது, கால்நடைகளின் துன்பம். திறந்த மேய்ச்சல் நிலத்தில் பங்குனி, சித்திரை வெயிலில் நிற்கும் மாடு மேய்ச்சலைக் குறைத்துக்கொள்கிறது, பாலும் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு கூடிய வாடையில் நனைந்து நிற்கும் ஆட்டுக்குட்டிகளும் கன்றுகளும் நோய்க்கு எளிதில் இரையாகின்றன. வெயிலுக்கு நிழலும் வாடைக்கு மறைவும் ஒருங்கே தருவது மரமேயாகும்.

மரவரிசை காற்றை எவ்வாறு தணிக்கிறது?

காற்றைத் தடுக்க வேண்டுமாயின் சுவர் வைத்தால் போதாதோ என்று சிலர் கேட்பதுண்டு. சுவர் காற்றை முற்றிலும் மறிக்கும். மறிக்கப்பட்ட காற்று மேலேறி, சுவரைத் தாண்டியவுடன் சுழன்று கீழே விழும். அச்சுழல் பயிரைத் திருகி முறிக்கும். மரவரிசையோ காற்றில் ஒரு பகுதியைத் தன் இலைகளின் ஊடே சல்லடைபோல் விட்டு, மற்றப் பகுதியை மேலே ஏற்றிவிடுகிறது. ஊடே வரும் மெல்லிய காற்று, மேலே சென்ற காற்று உடனே இறங்காதபடி தாங்கி நிற்கிறது. ஆகையால் மிக நெருக்கமான வரிசையைவிட, நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பங்கு இடைவெளி உள்ள வரிசையே நெடுந்தூரம் பாதுகாப்பு அளிக்கும்.

பாதுகாப்பு எவ்வளவு தூரம் என்பதை மரத்தின் உயரமே நிர்ணயிக்கிறது. உயரத்தைப்போல் ஐந்து மடங்கு தூரத்தில் காற்றின் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். பத்து மடங்கு தூரம் வரையில் நல்ல பயன் உண்டு. அதற்கப்பால் வேகம் சிறிது சிறிதாக ஏறி, இருபது மடங்குக்கு மேல் பழைய நிலையை நெருங்கும்.

வேகம் பாதியாகக் குறைவது சிறு நன்மை என்று நினைத்தல் கூடாது. வேகம் பாதியானால், காற்று பயிரின்மேல் செலுத்தும் விசை காற்பங்காகிறது. மண்ணை வாரிச் செல்லும் வல்லமையோ அரைக்காற்பங்காகக் குறைகிறது.

இதைப் பரீட்சித்துப் பார்க்க விரும்புவோர் ஆடி மாதத்தில் ஒரே அளவான இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றைத் திறந்த வெளியிலும் மற்றொன்றை மரவரிசைக்குக் கிழக்கே, நிழல் விழாத தூரத்திலும் காலையில் வைத்து, மாலையில் மீந்த நீரை அளந்து பார்க்கலாம். இரண்டிலும் வெயில் ஒன்றே; மீந்த நீரில் காணும் வித்தியாசம் காற்றினால் ஆனது. ஆடு மாடுகளும் பறவைகளும் குடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு

சதுரமான பத்து ஏக்கர் நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு பக்கமும் 660 அடி. மேற்கு எல்லையில் 30 அடி உயரமுள்ள மரவரிசை ஒன்று நிற்பதாகக் கொள்வோம்.

பாதுகாப்புப் பெறும் பரப்பு: உயரத்தைப்போல் பத்து மடங்கு, அதாவது 300 அடி அகலமும் 660 அடி நீளமும் உள்ள நிலம். இது ஏறக்குறைய 4 ஏக்கர் 54 சென்ட்.

கேடு அடையும் பரப்பு: மரத்தின் வேரும் நிழலும் பயிரோடு போட்டியிடுவது பெரும்பாலும் மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குள்ளேயே. அதாவது 30 அடி அகலமும் 660 அடி நீளமும். இது 45 சென்ட்.

இந்த 45 சென்ட்டில் மகசூல் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நஷ்டம், சுமார் 23 சென்ட்டின் விளைவு. எஞ்சிய 4 ஏக்கர் 9 சென்ட்டில் நூற்றுக்கு ஆறு பங்கு மகசூல் மிகுந்தாலே இந்நஷ்டம் ஈடாகிவிடும். அதாவது நூறு வாழையில் ஆறு வாழை காற்றில் விழாமல் நின்றால் போதும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். தழை, விறகு, கம்பு, நெற்று ஆகியவற்றின் வரும்படியை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை.

குடியானவர்கள் பலர் மரத்தடியில் வாடி நிற்கும் நான்கு சால் பயிரைப் பார்த்து மரத்தின்மேல் கோபம் கொள்கிறார்கள். நஷ்டம் ஓரிடத்தில் குவிந்து கண்ணுக்குப் படுகிறது; லாபமோ நான்கு ஏக்கரிலும் பரந்து கண்ணுக்குப் படாமல் இருக்கிறது. களத்தில் வந்து சேரும் மூட்டைகளை எண்ணிப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. ஆகவே, மரவரிசை உள்ளவர்கள் இவ்வருஷ அறுவடையின்போது வரிசையிலிருந்து முதல் 30 அடி, அடுத்த 100 அடி, அதற்கப்பாற்பட்ட நிலம் என மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே அளந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். தம் நிலத்தின் அளவையே தமக்குச் சிறந்த சாட்சி.

நிலம் சிறிதாயின் என் செய்வது? சதுரமான இரண்டு ஏக்கர் நிலத்தின் பக்கம் ஏறக்குறைய 295 அடி. ஆகவே அதன் மேற்கு வரப்பில் 30 அடி உயர வரிசை ஒன்று இருந்தால், நிலம் முழுவதும் பத்து மடங்கு தூரத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த குடியானவரும் தம் மேற்கு வரப்பில் அவ்வாறே வைத்தால் பாதுகாப்புத் தொடர்ந்து செல்லும். நடுவில் ஒருவர் வெட்டிவிட்டால் காற்று அங்கே மீண்டும் தரையில் இறங்கி வேகம் கொள்கிறது. எனவே இது ஒருவர் தனித்துச் செய்வதைவிட ஒரு தடத்தில் உள்ளவர்கள் கூடிப் பேசிச் செய்யத்தக்க காரியம்.

கொறங்காடு கற்பிக்கும் பாடம்

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கொறங்காடு என வழங்கும் மேய்ச்சல் காடுகளைப் பார்க்காதவர் ஒரு முறை சென்று பார்ப்பது நலம். மழை குறைந்த செம்மண் சரளை நிலம். கிணற்று நீர்ப் பாய்ச்சல் இல்லை. எனினும் காங்கயம் மாடு என்று பெயர் பெற்ற உழைப்பு மாட்டினம் இந்நிலத்தில்தான் உருவாயிற்று. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் அவ்வினத்தைப் பேணிப் புகழ் பெற்றதும் இம்மேய்ச்சல் நிலங்களைக் கொண்டே.

கொறங்காட்டின் அமைப்பு மூன்று அடுக்கானது. தரையில் கொழுக்கட்டைப்புல்லும் அதனோடு சில பயறுவகைப் பூண்டுகளும்; மேலே அங்கங்கே வெள்வேல் மரங்கள்; நாற்புறமும் முள் கிளுவை உயிர்வேலி. புல் மண்ணைப் பிணிக்கிறது. வெள்வேலின் நிழல் சன்னமானதாகையால் அதன்கீழும் புல் வளர்கிறது. புல் காய்ந்துபோன கோடையில் அம்மரத்தின் நெற்று ஆடு மாடுகளுக்குத் தீனியாகிறது. கிளுவை வேலி கால்நடைகளை உள்ளே நிறுத்துவதோடு, தரையை ஒட்டி வரும் காற்றையும் தணிக்கிறது. ஆடுகளுக்குத் தழையும் தருகிறது. ஒரு காட்டை மேய்த்து முடித்ததும் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு மந்தையை ஓட்டுவார்கள். காவலாள் வேண்டுவதில்லை.

கம்பி வேலி ஆட்டைத் தடுக்கும். காற்றைத் தடுக்காது, தழை தராது, ஆண்டுதோறும் துருப்பிடிக்கும். கிளுவையை நீக்கிக் கம்பி கட்டுவோர், தடுப்பு ஒன்றை மட்டும் பெற்று மற்றப் பயன்களை இழக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நூறு வருஷம் நின்ற வேலியை மண் அள்ளும் இயந்திரம் ஒரு பகலில் பெயர்த்துவிடும். அதைத் திரும்ப வளர்ப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

வரிசைக்கு ஏற்ற மரங்கள்

எல்லாக் குணங்களும் பொருந்திய மரம் ஒன்று இல்லை. பயிரையும் நிலத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சவுக்கு: விரைவில் உயரும், ஊசி போன்ற தழையாதலால் காற்றைச் சல்லடைபோல் விடும், வேர் முண்டுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்தில் சேர்க்கும், கம்புக்கும் காகிதக் கூழுக்கும் விலை போகும். கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கு ஏற்ற சவுக்கு ரகங்களைத் தெரிந்தெடுத்திருக்கிறது. வாழைத் தோட்டத்துக்கு மேற்கே இரட்டை வரிசையாக வைக்க இது மிகவும் ஏற்றது.

அகத்தி: ஒரே வருஷத்தில் பயன் தரும். வெற்றிலைக் கொடிக்காலில் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிழலாகவும் அகத்தியை நெருக்கி விதைப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். இதன் ஆயுள் குறைவு, மரமும் மெலிது. ஆகவே நிலையான மரங்கள் வளரும் வரையில் துணை வரிசையாக வைத்துக்கொள்ளலாம். குத்தகைக்குச் செய்பவர்களுக்கும் இதுவே தகுந்தது.

பனை: மிக மெதுவாக வளரும். ஆனால் வளர்ந்த பின் வறட்சியையும் புயலையும் தாங்கி நெடுங்காலம் நிற்கும். வேர் பக்கத்துப் பயிரை அதிகம் பாதிக்காது. அடிமரம் வெறுமையாக இருப்பதால் கீழே புதர் வரிசை ஒன்று வேண்டும்.

வேம்பு, புங்கம், வெள்வேல்: மானாவாரிப் புன்செய்க்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் உரியவை. வேம்பும் புங்கமும் கொட்டை தரும். தழையை நிலத்துக்கு எருவாக இடலாம்.

நொச்சி, ஆடாதொடை, கிளுவை: கீழ் அடுக்குக்கு உரியவை. நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு மாடு கடிக்கா.

விலக்க வேண்டியவை: சீமைக்கருவேலை வேலிக்கென்று எவ்விடத்தும் வைத்தல் கூடாது; அது ஒரு முறை புகுந்தால் நிலத்தையே கைப்பற்றிக்கொள்ளும். தைல மரம் பயிரோடு நீருக்குக் கடுமையாகப் போட்டியிடும். புளியின் நிழல் அடர்த்தியானது. அதன் இடம் வீட்டோரமும் களத்துமேடும் சாலையோரமுமே. முருங்கை எளிதில் முறியுமாதலால் காற்றின் முகத்தில் வைக்கத்தக்கதன்று.

நடும் முறையும் பராமரிப்பும்

1. காற்றுக்குக் குறுக்காக, அதாவது நம் பகுதியில் நிலத்தின் மேற்கு ஓரத்தில் வடக்குத் தெற்காக, வரிசை அமைய வேண்டும். இவ்விதம் அமைந்தால் காலை நிழல் மேற்கேயும் மாலை நிழல் கிழக்கேயும் விழும். ஓரிடத்திலேயே நாள் முழுவதும் நிழல் கட்டாது.

2. வரிசையின் நீளம் மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்குக்குக் குறையலாகாது. குறைந்தால் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே புகும்.

3. புரட்டாசி, ஐப்பசி மழையோடு நடுவது உத்தமம். ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழி எடுத்து, மக்கிய எருவும் மேல்மண்ணும் இட்டு நட வேண்டும். சவுக்குக்கு மரத்துக்கு மரம் 5 அடியும் வரிசைக்கு வரிசை 6 அடியும் விட்டு, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மறு வரிசையின் மரம் வருமாறு நடலாம். 660 அடி நீளத்துக்கு இரண்டு வரிசைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 265 கன்றுகள் வேண்டும்.

4. முதற்கோடையில் தண்ணீர் விடுவதும் ஆடு கடியாமல் காப்பதும் அவசியம். பட்டுப்போன கன்றுகளுக்குப் பதிலாக முதல் வருஷத்திலேயே வேறு நட்டுவிட வேண்டும். வரிசையில் ஒரு சந்து விழுந்தால் காற்று முழுவதும் அதில் நெருங்கிப் புகுந்து, திறந்த வெளியைவிட அதிக வேகத்துடன் வரும். சந்துள்ள வரிசை சில சமயம் வரிசையே இல்லாததைவிடக் கேடு செய்யும். வண்டித் தடம் விட வேண்டுமாயின் வரிசையின் முனையில் விடுக. நடுவில் விட நேர்ந்தால் நேராக விடாமல் சாய்வாக விடுக.

5. தழைக்காக வைகாசி, ஆனியில் கிளை கழிப்பது பெருந்தவறு. காற்றுக்காலம் வரும் சமயத்தில் மரத்தை மொட்டையாக்குவது, மழைக்காலத்தில் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். புரட்டாசிக்குப் பின் கழித்தல் வேண்டும். அடிக்கிளைகளை முற்றும் கழித்துவிடலாகாது. கழித்தால் காற்று மரத்தின்கீழ் நுழைந்து தரையோடு பாயும்.

6. மூன்றாம் வருஷம் முதல், மரத்திலிருந்து 4 அல்லது 5 அடி தள்ளி, பயிர் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் அடி அகலமும் மூன்றடி ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, வயலுக்குள் ஓடும் பக்கவேர்களை அறுத்துவிடலாம். மேற்குப் பக்க வேர்களை அறுக்கலாகாது. காற்றுக்கு எதிரே மரத்தைப் பிடித்து நிறுத்துவன அவையே.

7. சவுக்கை விற்கும்போது ஒரே சமயத்தில் இரண்டு வரிசைகளையும் வெட்டாமல், ஒன்றை வெட்டி மறு நடவு செய்து, அது உயர்ந்த பின் மற்றதை வெட்டுக.

8. மின்கம்பிகளுக்குக் கீழ் உயர்ந்து வளரும் மரங்களை நடலாகாது.

சில ஆட்சேபங்களும் சமாதானங்களும்

"பக்கத்து நிலத்தார் சண்டைக்கு வருவாரே?" நியாயமான ஆட்சேபமே. எல்லையிலிருந்து சில அடி உள்ளே தள்ளி நடுவதும், நடுமுன் அவரிடம் சொல்லிவிடுவதும் பின்னால் வரும் வழக்கைத் தடுக்கும். இருவரும் இசைந்து பொது வரப்பில் வைத்து வரும்படியைப் பங்கிட்டுக்கொள்வது இன்னும் மேல்.

"மரம் இருந்தால் பறவை வந்து கதிரைத் தின்னுமே?" கிளியும் மயிலும் நஷ்டம் செய்வது உண்மை, மயில்களின் தொந்தரவு நம் ஜில்லாக்களில் மிகுந்திருப்பதையும் அறிவோம். சோளமும் நிலக்கடலையும் பயிரிடுவோர் இதையும் கணக்கில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆயினும் புழு பூச்சிகளைத் தின்னும் கரிச்சானும், எலியைப் பிடிக்கும் ஆந்தையும் அம்மரத்திலேயே அமர்கின்றன. பூச்சியைப் பிடிக்கும் பறவைகள் உட்காரட்டும் என்று வயலில் குச்சி நட்டு வைக்குமாறு நம் இலாகா கூறி வருவது நினைவிருக்கலாம்.

"குத்தகைக்குச் செய்பவன் யாருக்காக மரம் வைப்பது?" அத்தகையோர் அகத்தி, ஆமணக்கு, நெருக்கி விதைத்த நாட்டுச்சோளம் ஆகியவற்றை மேற்கு ஓரத்தில் சில வரிசைகள் விதைத்துக்கொண்டால் அந்த வருஷத்துக் காற்றுக்கு அந்த வருஷமே மறைவு உண்டாகும்.

"புயல் வந்தால் மரமே விழுகிறதே?" 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களின் தென்னந்தோப்புகள் அழிந்ததை எவரும் மறக்க இயலாது. அத்தகைய புயலை மரவரிசை தடுக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நூறு நாள் வீசும் பருவக்காற்றுக்கே இப்பரிகாரம் கூறப்படுகிறது.

வேறு தேசத்தார் கற்ற பாடம்

மறைவில்லாத நிலத்துக்குக் காற்று என்ன செய்யும் என்பதை 1930-களில் அமெரிக்கா பெரு நஷ்டத்துடன் கற்றது. அங்கே நடுப்பகுதிச் சமவெளியில் கோதுமைக்காகப் புல்தரையை உழுது திறந்து போட்டிருந்தார்கள். தொடர்ந்து வறட்சி வந்தபோது காற்று மேல்மண்ணை மேகம்போல் கிளப்பிற்று. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி வந்த புழுதிப்புயல் பகலை இரவாக்கியதால் அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்று அழைக்கிறார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேறின. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கிய திட்டத்தின்படி, 1935 முதல் 1942 வரையில் வடக்கு டக்கோட்டா முதல் டெக்ஸாஸ் வரை ஏறக்குறைய 22 கோடி மரங்கள் 18,600 மைல் நீளத்துக்கு வரிசை வரிசையாக நடப்பட்டன. இவற்றோடு உழவு முறைகளையும் திருத்திக்கொண்டார்கள், மழையும் திரும்பிற்று, நிலம் தேறிற்று.

இதன் பிற்பகுதியையும் நாம் கவனிக்க வேண்டும். புழுதியைக் கண்ட தலைமுறை கழிந்த பின், பெரிய இயந்திரங்களுக்கும் சுழன்று தெளிக்கும் பாசனக் குழாய்களுக்கும் இடையூறு என்று அவ்வரிசைகளிற் பல வெட்டப்பட்டன. காற்றின் கொடுமை மரத்தினால் மறைந்துவிடும்போது மரம் வேண்டாததாகத் தோன்றுகிறது. நம் கிளுவை வேலிகளுக்கும் வரப்பு மரங்களுக்கும் இன்று நேர்ந்து வருவதும் இதுவே.

முடிவாக

மேற்கூறியவற்றால் விளங்குவன மூன்று. ஏற்கெனவே நிற்கும் மரவரிசையையும் உயிர்வேலியையும், களத்து மூட்டையை அளந்து பார்க்காமல் வெட்டாதிருத்தல். சந்துள்ள இடங்களை வரும் மழைக்காலத்திலேயே அடைத்தல். திறந்த நிலம் உள்ளவர்கள் மேற்கு ஓரத்தில் ஒரு வரிசையேனும் தொடங்குதல். பத்து ஏக்கருக்கும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டும் என்பதில்லை. வாழை வைக்கும் ஓர் ஏக்கருக்கு மேற்கே இவ்வருஷம் அகத்தி விதைத்து, அதன் ஓரமாகவே சவுக்கோ வேம்போ நட்டு வந்தால், அகத்தி ஓயும் சமயத்தில் மரம் தலையெடுக்கும்.

நிலங்களில் மரம் வளர்ப்பதற்கென்று 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிலையான பசுமைப் போர்வை இயக்கத்தின் மூலம் கன்றுகள் குடியானவர்களுக்கு வழங்கப்பட்டிருக்கின்றன. கன்றுகள் பெறும் விவரத்தைத் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம். கன்று வாங்கப் புறப்படும் முன் நிலத்தின் மேற்கு ஓரத்தைக் கயிறு பிடித்து அளந்து, எத்தனை அடி நீளம், எத்தனை கன்று வேண்டும் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.